போருக்கு முந்திய பாராளுமன்றம்: 1977இல் தெரிவான இலங்கைச் சபையின் ஆசனக் கணக்கு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

1983 ஜூலையில் இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டபோது பதவியில் இருந்த சபை, ஆறு ஆண்டுகளுக்கு முன் 1977 ஜூலை 21இல் தெரிவானது. அந்தச் சபையில் யார் யார் இருந்தார்கள், எந்தக் கட்சிக்கு எத்தனை ஆசனம், இடையில் அது எப்படி மாறியது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களும் கட்டுரை எழுதுபவர்களும் இந்த எண்களைத் திரும்பத் திரும்பத் தவறாக எடுத்தாள்வதைப் பார்க்கிறோம். எனவே எண்களோடு, பிழை எங்கே நுழைகிறது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

சிலர் ‘தேசிய அரசுப் பேரவை’ என்கிறார்கள், சிலர் ‘பாராளுமன்றம்’ என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி, காலம்தான் வேறு. 1972ஆம் ஆண்டு அரசியல் யாப்பின்படி சட்டமன்றத்தின் பெயர் தேசிய அரசுப் பேரவை. 1977இல் மக்கள் வாக்களித்தது அந்தப் பேரவைக்கே. அது 1977 ஆகஸ்ட் 4இல் கூடியது. 1978 செப்டம்பர் 7இல் புதிய யாப்பு நடைமுறைக்கு வந்தபோது தேர்தல் எதுவும் நடக்கவில்லை. இருந்த உறுப்பினர்களே ‘முதலாவது பாராளுமன்றம்’ என்று ஆக்கப்பட்டார்கள், அதன் காலம் 1983 ஆகஸ்ட் 4 வரை என்று யாப்பிலேயே எழுதப்பட்டது. இந்தத் திகதியை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் அச்சு.

மொத்தம் 160 ஆசனமா, 168 ஆசனமா?

தொகுதிகள் 160, உறுப்பினர்கள் 168. 154 தொகுதிகள் தலா ஒருவரைத் தெரிவுசெய்தன. மட்டக்களப்பு, பொத்துவில், பேருவளை, ஹாரிஸ்பத்துவ ஆகிய நான்கும் இரண்டு அங்கத்தவர் தொகுதிகள். கொழும்பு மத்தியும் நுவரெலியா–மஸ்கெலியாவும் மூன்று அங்கத்தவர் தொகுதிகள். 154, 8, 6: கூட்டினால் 168.

ஒரே இடத்தில் கலந்து வாழும் சிறுபான்மையினருக்கும் ஒரு பிரதிநிதி கிடைக்கட்டும் என்பதற்காகவே பல அங்கத்தவர் தொகுதிகள் வைக்கப்பட்டன. அங்கே ஒரு வாக்காளருக்கு எத்தனை ஆசனமோ அத்தனை வாக்கு. விரும்பினால் அத்தனையையும் ஒரே வேட்பாளருக்குக் குவிக்கலாம். ஆகவே அந்த ஆறு தொகுதிகளில் பதிவான வாக்குகளின் தொகை, வாக்களித்த ஆட்களின் தொகையைவிடப் இரண்டு மூன்று மடங்கு வரை இருக்கும். நாடு முழுவதற்குமான கூட்டுத்தொகையை எடுத்து ‘இத்தனை பேர் வாக்களித்தார்கள்’ என்று எழுதுவது இதனால்தான் பிழையாகிறது. அந்தத் தொகை வாக்குகளுடையது, ஆட்களுடையது அல்ல.

1970இல் இருந்த ஆறு நியமன உறுப்பினர்கள் 1977இல் இல்லை. 1972 யாப்பு நியமன முறையை எடுத்துவிட்டது. இரண்டு சபைகளையும் ஒப்பிடும்போது 1970 சபையின் 157இல் இந்த ஆறு பேரும் அடக்கம் என்பதை மறக்கக் கூடாது.

கட்சிவாரியாக எத்தனை பேர்?

ஐக்கிய தேசியக் கட்சி 140. தமிழர் விடுதலைக் கூட்டணி 18. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 8. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் 1. சுயேச்சை 1. மொத்தம் 168.

வேறு இடங்களில் 139 என்றும் 17 என்றும் போட்டிருக்கிறதே?

அதுவும் பிழை அல்ல. வேட்பாளர் ஒருவர் இறந்ததால் பொத்துவில் தொகுதியில் ஜூலை 21இல் வாக்கெடுப்பு நடக்கவில்லை, செப்டம்பரில்தான் நடந்தது. அந்த இரண்டு ஆசனங்களில் ஒன்று ஐ.தே.க.வுக்கும் மற்றது கூட்டணிக்கும் போனது. எனவே ஜூலை முடிவில் ஐ.தே.க. 139, கூட்டணி 17, சுதந்திரக் கட்சி 8, இ.தொ.கா. 1, சுயேச்சை 1, ஆக 166. செப்டம்பருக்குப் பிறகு 140, 18, மொத்தம் 168. ஒரு அட்டவணையில் 139ஐயும் இன்னொன்றில் இருந்து 18ஐயும் எடுத்து ஒட்டினால் 167 வரும். அந்த எண்ணைப் பார்த்தால் எங்கே தவறினார்கள் என்று உடனே கண்டுபிடித்துவிடலாம்.

வாக்கு வீதமும் ஆசனமும் எவ்வளவு தூரம் விலகியிருந்தன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ஐ.தே.க. பெற்றது 50.9 வீத வாக்கு. அதற்குக் கிடைத்தது சபையில் 83.3 வீதம், அதாவது ஆறில் ஐந்து பங்கு. சுதந்திரக் கட்சி 29.7 வீத வாக்குப் பெற்றும் சபையில் 4.8 வீதத்தோடு நின்றது. கூட்டணியின் 6.75 வீத வாக்கு 10.7 வீத ஆசனமானது.

இன்னொரு விதமாகப் போட்டுப் பாருங்கள். ஐ.தே.க.வின் 31 லட்சத்து 79 ஆயிரம் வாக்கை 140ஆல் வகுத்தால் ஓர் ஆசனத்துக்கு ஏறத்தாழ 22,700 வாக்கு. கூட்டணியின் 4 லட்சத்து 21 ஆயிரத்தை 18ஆல் வகுத்தால் 23,400. சுதந்திரக் கட்சியின் 18 லட்சத்து 55 ஆயிரத்தை 8ஆல் வகுத்தால் 2 லட்சத்து 31 ஆயிரத்துக்கு மேல். நாடு பூராவும் பரந்து கிடந்த வாக்கு, ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டாம் இடம் வந்து வீணானது. வடக்கில் செறிந்து கிடந்த வாக்கு அப்படியே ஆசனமானது.

168 ஆசனங்களையும் வாக்கு வீதப்படி பிரித்திருந்தால் ஐ.தே.க.வுக்கு 85 அல்லது 86, சுதந்திரக் கட்சிக்கு 50, கூட்டணிக்கு 11, இடதுசாரியான சமசமாஜக் கட்சிக்கு 6 என்ற அளவில் வந்திருக்கும். ஐ.தே.க. தலைவர் ஜே.ஆர். ஜயவர்த்தனாவுக்கு அப்போதும் ஆட்சி கிடைத்திருக்கும். ஆனால் யாரையும் கேட்காமல் யாப்பை மாற்றும் பலம் கிடைத்திருக்காது, எதிர்க்கட்சித் தலைவர் கதிரையில் வேறொருவர் இருந்திருப்பார். இந்த இரண்டு வித்தியாசங்களும் அடுத்த ஆறு ஆண்டுகளின் போக்கையே மாற்றியிருக்கும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

91 ஆசனத்தோடு ஆண்ட சுதந்திரக் கட்சி எப்படி எட்டுக்கு விழுந்தது? அதன் வாக்கு அவ்வளவு சரிந்ததா?

சரியவில்லை. 1970இல் 18 லட்சத்து 40 ஆயிரம், 1977இல் 18 லட்சத்து 55 ஆயிரம். எண்ணிக்கையில் சற்றுக் கூடவே செய்தது. இடையில் வாக்காளர் தொகை பெருகியதால் வீதம் 36.9இல் இருந்து 29.7 ஆனது.

உண்மையான காரணம் கூட்டு முறிந்தது. 1970இல் சுதந்திரக் கட்சி, லங்கா சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி மூன்றும் ஐக்கிய முன்னணியாகத் தொகுதிகளைப் பங்கிட்டு நின்றன. ஒருவர் நிற்கும் இடத்தில் மற்றவர் நிற்கவில்லை. பலன்: 91, 19, 6, ஆக 116. அந்தத் தேர்தலில் 37.9 வீதத்தோடு தனிக்கட்சிகளில் அதிக வாக்கு வாங்கியது ஐ.தே.க.தான், ஆனால் கிடைத்தது 17 ஆசனம். 1975இல் சமசமாஜிகள் அரசில் இருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1977 தொடக்கத்தில் கம்யூனிஸ்ட் கட்சியும் விலகியது. அதன்பின் இடதுசாரிகள் தனி அணியாக நின்றார்கள், ஒரே தொகுதியில் இரண்டு பக்கமும் வாக்கைப் பிரித்தார்கள். 1970இல் ஐ.தே.க.வை வீழ்த்திய அதே தொகுதி முறை இப்போது சுதந்திரக் கட்சியை வீழ்த்தியது.

இடதுசாரிகள் ஒருவர்கூட இல்லையா?

ஒருவரும் இல்லை. என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பீட்டர் கெனமன் எல்லோரும் தோற்றார்கள். 1947 முதல் எல்லாச் சபைகளிலும் ஒலித்த குரல் அது. 1981இல் களவான இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சியின் சரத் முத்தெட்டுவேகம வென்ற பிறகே ஒற்றை ஆளாகத் திரும்பி வந்தது. இன வேறுபாட்டைத் தாண்டிப் பேசும் தென்னிலங்கை எதிரணி ஒன்று அந்த ஆண்டுகளில் சபையில் இல்லாமல் போனது பெரிய இழப்பு. வடக்குக்கும் தெற்குக்கும் நடுவே நின்று பேச ஆள் இருக்கவில்லை.

கூட்டணியின் 18 பேர் யார், எந்தத் தொகுதிகளில் இருந்து வந்தார்கள்?

யாழ். மாவட்டத்தின் 11 தொகுதிகளும் கூட்டணிக்கே. காங்கேசன்துறையில் அ. அமிர்தலிங்கம், நல்லூரில் மு. சிவசிதம்பரம், யாழ்ப்பாணத்தில் வெ. யோகேஸ்வரன், ஊர்காவற்றுறையில் கா.பொ. இரத்தினம், வட்டுக்கோட்டையில் தா. திருநாவுக்கரசு, மானிப்பாயில் வி. தர்மலிங்கம், கோப்பாயில் சி. கதிரவேற்பிள்ளை, உடுப்பிட்டியில் த. இராசலிங்கம், பருத்தித்துறையில் க. துரைரத்தினம், சாவகச்சேரியில் வி.என். நவரத்தினம், கிளிநொச்சியில் வீ. ஆனந்தசங்கரி. வன்னியில் மூன்று: மன்னாரில் பி.எஸ். சூசைதாசன், முல்லைத்தீவில் எக்ஸ்.எம். செல்லத்தம்பு, வவுனியாவில் தா. சிவசிதம்பரம். கிழக்கில் நான்கு: திருகோணமலையில் இரா. சம்பந்தன், மட்டக்களப்பில் செ. இராசதுரை, பட்டிருப்பில் பூ. கணேசலிங்கம், பொத்துவிலில் எம். கனகரத்தினம்.

இரண்டு சிவசிதம்பரங்கள் இருப்பதைக் கவனியுங்கள். நல்லூர்க்காரர் கூட்டணியின் தலைவர், வவுனியாக்காரர் வேறொருவர். பெயரை மட்டும் வைத்துப் பட்டியல் போடுபவர்கள் இருவரையும் ஒருவராக்கி 17 என்று முடிப்பதுண்டு.

அமிர்தலிங்கமும் நல்லூர் சிவசிதம்பரமும் 1970 தேர்தலில் தோற்றவர்கள். 1976 மே 14இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனித் தமிழீழத்தைக் கோரியது. அந்தக் கோரிக்கைக்கு ஆணை கேட்டே கூட்டணி உதயசூரியன் சின்னத்தில் தேர்தலுக்கு வந்தது. தமிழரசுக் கட்சியின் தந்தை செல்வா (செல்வநாயகம்) 1977 ஏப்ரலில் காலமானார், தமிழ்க் காங்கிரஸின் ஜி.ஜி. பொன்னம்பலம் அதே ஆண்டு பெப்ரவரியில். இரண்டு பெரியவர்களும் இல்லாத முதல் தேர்தல் அது.

வடக்கைப் போலவே கிழக்கும் வாக்களித்ததா?

இல்லை. இதை நேராகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘வடகிழக்கு முழுவதும் ஒரே ஆணை’ என்று எழுதுவது எண்களுக்கு ஒத்துவராது. கல்குடாவில் வென்றது ஐ.தே.க.வின் கே.டபிள்யூ. தேவநாயகம், அவர் தமிழர். மூதூர், சம்மாந்துறை, கல்முனை ஆகியவற்றில் ஐ.தே.க.வின் முஸ்லிம் வேட்பாளர்கள் வென்றார்கள். அம்பாறையும், 1976இல் புதிதாக வெட்டியெடுத்த சேருவிலவும் ஐ.தே.க.வுக்கே. கூட்டணி நிறுத்திய முஸ்லிம் வேட்பாளர்களில் ஒருவரும் தெரிவாகவில்லை.

மட்டக்களப்பு இரண்டு அங்கத்தவர் தொகுதியில் இராசதுரை உதயசூரியனில் நின்றார், கவிஞர் காசி ஆனந்தன் கூட்டணிக்குள் இருந்த தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் நின்றார். இருவரும் ஒரே அணிதான். முதலிடம் இராசதுரைக்கு, இரண்டாவது ஆசனம் ஐ.தே.க.வின் பரீத் மீராலெப்பைக்கு, காசி ஆனந்தன் மூன்றாவதாக வந்தார். அந்த மோதலின் காயம் பின்னர் சபைக் கணக்கிலும் தெரியும்.

பிரிவினை கேட்ட கட்சி எப்படி எதிர்க்கட்சித் தலைவர் பதவியைப் பெற்றது?

சபை மரபுதான் காரணம். ஆளும் தரப்புக்கு வெளியே அதிக ஆசனம் உள்ள கட்சியின் தலைவர் எதிர்க்கட்சித் தலைவர். 18க்கு எதிரே 8. அமிர்தலிங்கம் அந்தக் கதிரையில் அமர்ந்தார், ஒரு தமிழ்க் கட்சிக்கு அந்தப் பதவி கிடைத்தது அதுவே முதல் தடவை.

பதவியோடு சுமையும் வந்தது. எதிர்க்கட்சித் தலைவர் நாடு முழுவதுக்கும் பேச வேண்டியவர். விலைவாசி, நெல், கல்வி என்று மாத்தறைக்காரருக்காகவும் அவர் எழுந்து நிற்க வேண்டும். ஆனால் அவருக்கு வாக்களித்தவர்கள் கேட்டது தனி நாடு. தென்னிலங்கையில் ஆட்சியில் வெறுப்புற்ற 30 வீத வாக்காளருக்குத் தங்கள் குரல் சபையில் இல்லை, இருந்த குரல் தங்களுடையதல்ல என்று பட்டது. வடக்கு இளைஞர்களுக்கோ, ஆணை வாங்கிப் போனவர்கள் கொழும்பில் பதவியில் இருக்கிறார்கள் என்று பட்டது. இரண்டு பக்கத்திலும் இருந்து அம்பு வந்தது. 1981 ஜூலையில் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் எதிர்க்கட்சித் தலைவர்மீதே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். நம்பிக்கையில்லாத் தீர்மானம் அரசாங்கத்தை நோக்கி வைப்பது. அதைத் திருப்பிப் பிடிக்கும் அளவுக்குச் சபையின் நிலை சாய்ந்திருந்தது. யாழ். நூலகம் எரிந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

மலையகத் தமிழருக்கு யார் இருந்தார்கள்?

நுவரெலியா–மஸ்கெலியாவைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். மூன்று ஆசனம், மூன்று கட்சி. முதலாவது உறுப்பினர் ஐ.தே.க.வின் காமினி திசாநாயக்க. இரண்டாவது சுதந்திரக் கட்சியின் அநுர பண்டாரநாயக்க, பதவி இழந்த பிரதமர் சிறிமாவோவின் மகன். மூன்றாவது இ.தொ.கா.வின் சௌ. தொண்டமான். ஒற்றை அங்கத்தவர் தொகுதியாக இருந்திருந்தால் பின்னவர்கள் இருவரும் சபைக்கே வந்திருக்க முடியாது. வாக்கைக் குவிக்கும் முறை வேலைசெய்வதைப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

தொண்டமான் 1947இல் மக்கள் வாக்கால் வந்தவர். 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து வாக்குரிமை பறிபோனதும் தோட்டத் தொழிலாளரை வாக்காளர் இடாப்பில் இருந்து துடைத்தெறிந்தன. இடையில் நியமன உறுப்பினராக இருந்தார். மீண்டும் மக்கள் வாக்கால் வர 30 ஆண்டு ஆனது.

இதில் இன்னொரு அநீதி மறைந்திருக்கிறது. தொகுதிகளை நிர்ணயிக்கும்போது எண்ணியது வாக்காளரை அல்ல, மொத்தச் சனத்தொகையை. வாக்கில்லாத தோட்டத் தொழிலாளரும் தலைக்கணக்கில் சேர்ந்தார்கள். அவர்கள் தலையால் மலைநாட்டுக்கு ஆசனம் கூடியது. அந்த ஆசனத்தை நிரப்பியது அவர்கள் அல்லாத மற்றவர்களின் வாக்கு. கண்டிய மாவட்டங்களில் குறைந்த வாக்காளரோடு தொகுதிகள் அமைந்ததற்கு இதுவும் காரணம்.

கூட்டணி உருவாகியபோது தொண்டமான் அதன் தலைவர்களில் ஒருவர். தனிநாட்டுக் கோரிக்கை மலையகத்துக்குப் பொருந்தாது என்று விலகி நின்றார். 1978 செப்டம்பரில் அமைச்சரவையில் சேர்ந்தார். கட்சிவாரி எண்ணிக்கையில் இ.தொ.கா. 1 என்றே இருக்கும், ஆனால் அரசின் பக்கம் எண்ணும்போது அந்த ஒன்றையும் சேர்க்க வேண்டும்.

ஐ.தே.க.வின் 140 பேரில் சிறுபான்மையினர் இருந்தார்களா?

இருந்தார்கள், முக்கிய பதவிகளிலும் இருந்தார்கள். தேவநாயகம் நீதி அமைச்சர். ஹாரிஸ்பத்துவ உறுப்பினர் ஏ.சி.எஸ். ஹமீது வெளிவிவகார அமைச்சர். பேருவளையின் பாக்கீர் மாக்கார் 1978 முதல் 1983 வரை சபாநாயகர். எனவே 18ஐ ‘தமிழ் பேசும் உறுப்பினர் தொகை’ என்று எழுதுவது தவறு. அது ஒரு கட்சியின் தொகை மட்டுமே.

கட்சி மாறியவர்கள் எத்தனை பேர்? 18 எப்போது 16 ஆனது?

இருவர். பொத்துவில் கனகரத்தினம் 1977 டிசம்பரிலேயே ஐ.தே.க.வுக்குப் போனார். தெரிவாகி மூன்று மாதம். அடுத்த மாதம் கொழும்பில் அவர்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர் தப்பினாலும் 1980இல் இறந்தார். அவருடைய ஆசனத்துக்கு இடைத்தேர்தல் நடக்கவில்லை, சகோதரி ரங்கநாயகி பத்மநாதன் ஐ.தே.க. சார்பில் நியமிக்கப்பட்டார். கூட்டணிக்கு மக்கள் கொடுத்த ஆசனம் இப்படியே ஆளுங்கட்சியோடு தங்கிவிட்டது.

இரண்டாமவர் இராசதுரை, 1979 மார்ச். இங்கே ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. 1978 யாப்பின்படி கட்சியை விட்டால் ஆசனமும் போகும். அதற்கு முந்திய மாதம் யாப்பின் இரண்டாவது திருத்தம் நிறைவேறியது. முதலாவது பாராளுமன்ற உறுப்பினர் கட்சி மாறினாலும் ஆசனம் தானாகப் பறிபோகாதபடி அது வழி திறந்தது. இராசதுரை மாறினார், அமைச்சரானார். ஒரு மனிதரின் இருக்கைக்காக நாட்டின் யாப்பைத் திருத்த முடிந்தது என்றால், 140 என்ற எண்ணின் பலம் என்ன என்று விளங்கும்.

ஆகவே கூட்டணி 1977 டிசம்பர் வரை 18, அதன்பின் 17, 1979 மார்ச் முதல் 16. அட்டவணை போடுபவர்கள் திகதியைத் தலைப்பிலேயே எழுதுங்கள். திகதி இல்லாத ஆசன எண்ணிக்கைக்குப் பொருள் இல்லை.

இறப்பால் வெற்றிடமானவை வேறு கதை. கதிரவேற்பிள்ளை இறந்தபின் கோப்பாய்க்கு மு. ஆலாலசுந்தரமும், திருநாவுக்கரசு இறந்தபின் வட்டுக்கோட்டைக்கு நீலன் திருச்செல்வமும் கட்சி நியமனத்தால் வந்தார்கள். பெயர் மாறியது, தொகை மாறவில்லை.

மூன்றில் இரண்டு பெரும்பான்மை எத்தனை? அதை வைத்து என்ன செய்தார்கள்?

168இல் 112. ஐ.தே.க.வுக்கு அதைவிட 28 பேர் கூட. 28 பேர் எதிர்த்து வாக்களித்தாலும் யாப்புத் திருத்தம் நிறைவேறும். ஆகவே சொந்தக் கட்சிக்குள் எழும் மறுப்புக்கும் மதிப்பில்லாமல் போனது.

1977 ஒக்டோபரில் பழைய யாப்பைத் திருத்தி நிறைவேற்று ஜனாதிபதி முறையைக் கொண்டுவந்தார்கள். 1978 பெப்ரவரி 4இல் ஜயவர்த்தனா ஜனாதிபதியானார், அதே மாதம் பிரேமதாச பிரதமரானார். அதே ஆண்டு புதிய யாப்பே வந்தது. 1979 ஜூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் அவசர அவசரமாக நிறைவேறியது. 1980 ஒக்டோபரில் சிறிமாவோவின் குடியியல் உரிமை ஏழு ஆண்டுக்குப் பறிக்கப்பட்டு, அவர் சபையில் இருந்தும் நீக்கப்பட்டார். எட்டுப் பேர் கொண்ட கட்சி தன் தலைவியையும் இழந்தது.

ஒரு நியாயம் சொல்ல வேண்டும். இதற்கு முன்னோடி 1970 சபை. 157இல் 116 வைத்திருந்த ஐக்கிய முன்னணி, 1972 யாப்பை இயற்றும்போது தன் காலத்தை 1977 வரை தானே நீட்டிக்கொண்டது. 1975இல் முடிய வேண்டிய சபை அது. அந்த யாப்பை எதிர்த்துச் செல்வநாயகம் 1972இல் ஆசனத்தைத் துறந்தபோதும் காங்கேசன்துறை இடைத்தேர்தலை 1975 பெப்ரவரி வரை நடத்தவில்லை. இரண்டு சபைகளும் அடுத்தடுத்து மூன்றில் இரண்டைத் தாண்டியவை, இரண்டும் அந்தப் பலத்தைத் தங்கள் ஆயுளை நீட்டப் பயன்படுத்தின.

1982 சர்வசன வாக்கெடுப்பு ஏன் நடந்தது?

கணக்கைப் பார்த்தால் காரணம் தெரியும். புதிய யாப்பின்படி அடுத்த பொதுத்தேர்தல் விகிதாசார முறையில், 196 ஆசனங்களுக்கு. 1982 ஒக்டோபர் ஜனாதிபதித் தேர்தலில் ஜயவர்த்தனா பெற்றது 52.9 வீதம். அந்த வீதத்தை 196இல் வைத்தால் ஏறத்தாழ 104. மூன்றில் இரண்டுக்கு வேண்டியது 131. வென்றாலும் ஆறில் ஐந்து திரும்பி வராது.

எனவே நான்காவது திருத்தம்: பொதுத்தேர்தல் வேண்டாம், இருக்கும் சபையே 1989 ஆகஸ்ட் 4 வரை தொடரட்டும். இதற்குச் சபையில் மூன்றில் இரண்டும் மக்கள் வாக்கெடுப்பும் வேண்டும். 1982 டிசம்பர் 22இல் வாக்கெடுப்பு. நீட்டச் சம்மதம் என்றால் விளக்கு, இல்லை என்றால் பானை. அவசரகாலச் சட்டத்தின் கீழ் நடந்த அந்த வாக்கெடுப்பில் விளக்கு 54.7 வீதம், பானை 45.3 வீதம். யாழ்ப்பாணம் பானைக்கே வாக்களித்தது.

1977இல் வாங்கிய 50.9 வீத வாக்கின் மேல் கட்டிய 83 வீத ஆசனம், இன்னும் ஆறு ஆண்டுக்கு அப்படியே உறைய வைக்கப்பட்டது. வாக்குச்சீட்டால் கணக்கைத் திருத்தும் வாசல் போருக்கு ஏழு மாதம் முன்னால் சாத்தப்பட்டது. இதை நாங்கள் அந்தச் சபையின் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறோம்.

1983 மே மாத 18 இடைத்தேர்தல்கள் எதற்கு?

ஜனாதிபதி தம் கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத பதவி விலகல் கடிதங்களை முன்பே வாங்கி வைத்திருந்தார். பானை வென்ற தொகுதிகளில் ஆதரவைப் புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லிச் சிலருடைய கடிதங்கள் பயன்பட்டன. வெற்றிடத்தைக் கட்சி நிரப்பாவிட்டால் இடைத்தேர்தல் நடத்தலாம் என்று ஐந்தாவது திருத்தம் 1983 பெப்ரவரியில் வந்தது. மே 18இல் 18 தொகுதிகளில் வாக்கெடுப்பு. ஐ.தே.க. 14, சுதந்திரக் கட்சி 3, மக்கள் ஐக்கிய முன்னணி 1. அந்த ஒன்று மஹரகமவில் தினேஷ் குணவர்த்தன. மூன்றில் இரண்டு சற்றும் அசையவில்லை.

போர் தொடங்கியபின் கூட்டணியின் 16 ஆசனங்கள் என்னவாயின?

நீட்டிய காலத்தில் தாங்கள் உட்காருவதில்லை என்று கூட்டணி ஏற்கெனவே சொல்லியிருந்தது. மக்கள் கொடுத்த ஆறு ஆண்டு ஆகஸ்ட் 4உடன் முடிகிறது என்பது அவர்கள் வாதம். ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டபோது கூட்டணித் தலைவர்கள் மன்னார் மாநாட்டில் இருந்தார்கள். மறுநாள் கொழும்பில் தமிழர்மீது வன்முறை தொடங்கியது.

ஆகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிக்கமாட்டேன் என்று ஒவ்வொரு உறுப்பினரும் சத்தியம் செய்ய வேண்டும். தனிநாட்டுக்கே ஆணை வாங்கி வந்தவர்கள் செய்யவில்லை. தொடர்ந்து மூன்று மாதம் சபைக்கு வராதவரின் ஆசனம் வெற்றிடமாகும் என்பது விதி. ஒக்டோபரில் அவர்கள் ஆசனம் இழந்தார்கள். நவம்பரில் அநுர பண்டாரநாயக்க எதிர்க்கட்சித் தலைவரானார், நுவரெலியா–மஸ்கெலியாவின் அதே இரண்டாவது உறுப்பினர்.

தர்மலிங்கமும் ஆலாலசுந்தரமும் 1985 செப்டம்பரில் கொல்லப்பட்டார்கள். அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும் 1989 ஜூலை 13இல் கொழும்பில். நீலன் திருச்செல்வம் 1999 ஜூலை 29இல். யாழ். மாவட்டத்தின் 11 தொகுதிகளுக்கும் 1977க்குப் பிறகு நடந்த அடுத்த பொதுத்தேர்தல் 1989 பெப்ரவரியில், அப்போது தொகுதி உறுப்பினர் முறையே இல்லை.